பதினைந்தாயிரம் கிலோமீட்டர், எந்தப் பக்கமாக?

2016 அக்டோபர் நடுவில் ஏர் இந்தியா தன்னுடைய தில்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை எதிர்த்திசையில் திருப்பிவிட்டது. அதுவரை அந்த விமானம் மேற்கே கிளம்பி, ஐரோப்பாவையும் அட்லாண்டிக்கையும் தாண்டி, அமெரிக்காவின் மறுகரைக்குப் போய்ச் சேரும். தூரம் ஏறத்தாழ 13,900 கி.மீ. புதிய வழி கிழக்கே, பசிபிக் பெருங்கடலின் மேலே. அதன் தூரம் ஏறத்தாழ 15,300 கி.மீ. சென்னையிலிருந்து கொல்கத்தா போகிற அளவுக்குத் தூரத்தைக் கூட்டிக்கொண்டார்கள். முதல் பயணம் சுமார் பதினாலரை மணி நேரத்தில் முடிந்தது. பழைய வழியைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் குறைவு.

தூரம் கூடினால் நேரமும் கூடும் என்பது சாலைக்கும் தண்டவாளத்துக்கும் பொருந்துகிற கணக்கு. வானத்தில் அது அடிக்கடி காலை வாரிவிடும். இரண்டு ஊர்களின் பெயரைக் கொடுத்தால் கைப்பேசி ஒரு தூரத்தையும் ஒரு பயண நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுகிறது. முதல் எண் வடிவியல். நேற்றும் நாளையும் அதேதான். இரண்டாவது எண்ணுக்குள் காற்று, எரிபொருள், நாடுகளின் சண்டை, வரலாறு எல்லாம் கலந்து கிடக்கின்றன. இந்த இரண்டும் எவ்வளவு விலகி நிற்கின்றன என்று பார்க்க உலகிலேயே மிக நீளமான இடைநில்லா விமானச் சேவையை எடுத்துக்கொள்ளலாம்: சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்.

தூரத்திலிருந்தே தொடங்குவோம். சாங்கி விமான நிலையத்துக்கும் நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்துக்கும் இடையே 15,349 கி.மீ. பூமியின் மேல் எந்த இரண்டு இடங்களும் ஏறத்தாழ 20,000 கி.மீ.க்கு மேல் விலகியிருக்க முடியாது. அதற்கு மேல் போனால் திரும்பி வர ஆரம்பித்துவிடுவோம். ஆக, இருக்கக்கூடிய தூரத்தில் முக்கால் பங்கு இது.

இந்த 15,349 எந்தக் கோட்டின் நீளம் என்பதில்தான் பலருக்கும் குழப்பம். பள்ளிக்கூடச் சுவரில் தொங்குகிற உலகப் படத்தில் சிங்கப்பூரையும் நியூயார்க்கையும் அடிக்கோலால் இணைத்துப் பாருங்கள். கோடு நீர்கொழும்பு அருகே இலங்கையைக் கடந்து, ஏமன் வழியாக ஆப்பிரிக்காவுக்குள் புகுந்து, சகாராவைக் குறுக்கே அறுத்துக்கொண்டு அட்லாண்டிக்கில் இறங்கும். 1569-ல் மெர்கேட்டர் வரைந்த முறையிலான படத்தில் அந்தக் கோட்டுக்கு ஒரு பெருமை உண்டு: தொடக்கம் முதல் முடிவு வரை திசைகாட்டி ஒரே கோணத்தைக் காட்டும். அந்தக் காலத்து மாலுமிக்கு அது பெரிய வசதி. ஆனால் அந்தக் கோட்டின் நீளத்தைக் கணக்கிட்டால் சுமார் 18,500 கி.மீ. வருகிறது. மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் சுற்று.

உண்மையான குறுக்குவழி வேண்டுமென்றால் உருண்டையில் தேட வேண்டும். பூமி உருண்டை ஒன்றை எடுத்து, இரண்டு ஊர்களிலும் நூலின் இரு முனைகளை அழுத்தி இழுத்துப் பிடித்தால், நூல் தானாகவே மிகச் சிறிய வழியில் போய்ப் படியும். அதற்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். சிங்கப்பூர், நியூயார்க் விஷயத்தில் நூல் படிகிற இடம் வேடிக்கையானது. இரண்டு ஊர்களின் தீர்க்கரேகைகளுக்கும் இடையே ஏறத்தாழ 178 பாகை. கிட்டத்தட்ட உலகின் நேர் எதிர்ப்பக்கங்கள். அதனால் நூல் மேற்கேயும் போகாது, கிழக்கேயும் போகாது. நேராக வடக்கே ஏறும். தாய்லாந்து வளைகுடா, லாவோஸ், சீனாவின் சிச்சுவான், மங்கோலியா, பைக்கால் ஏரிக்குச் சற்று மேற்கே சைபீரியா என்று போய், வட துருவத்துக்குச் சுமார் 280 கி.மீ. அருகில் கடந்து, கனடாவின் பாஃபின் தீவு வழியாக இறங்கி, மாண்ட்ரியலைத் தொட்டு நியூயார்க்கில் முடியும். சென்னைக்கும் இதில் பங்கு உண்டு. சென்னை–நியூயார்க் பெருவட்டத் தூரம் ஏறத்தாழ 13,480 கி.மீ.; அந்தக் கோடும் ஆர்க்டிக் வட்டத்துக்குள் ஒருமுறை தலையை நுழைத்துவிட்டுத்தான் வருகிறது.

இவ்வளவு அழகான குறுக்குவழி இருந்தும் சிங்கப்பூரிலிருந்து கிளம்புகிற விமானம் பெரும்பாலும் அதை விட்டுவிட்டு, பசிபிக்கின் மேல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கிழக்கே போகிறது. தூரம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கூடினாலும் விமானிகளுக்குக் கவலையில்லை.

இதற்குக் காரணம் புரிய, விமானத்துக்குத் தரை என்பதே தெரியாது என்பதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். இறக்கைகள் தாங்கி நிற்பது காற்றை. இன்ஜின்கள் பின்னுக்குத் தள்ளுவதும் காற்றை. நீண்ட தூர விமானம் ஒலியின் வேகத்தில் 85 சதவீதத்தில் பறக்கும். 11 கி.மீ. உயரத்தில் வெப்பநிலை மைனஸ் 56 பாகைக்கு இறங்கிவிடுவதால் ஒலியே அங்கே மெதுவாகத்தான் போகும், மணிக்கு ஏறத்தாழ 1,060 கி.மீ. அதில் 85 சதவீதம் என்றால் சுமார் 900. இந்த 900 என்பது சுற்றியிருக்கும் காற்றோடு ஒப்பிட்ட வேகம். அந்தக் காற்று தானே கிழக்கு நோக்கி 150 கி.மீ. வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தால், கிழக்கே போகும் விமானம் தரையிலிருந்து பார்க்க 1,050-ல் போகும். மேற்கே போவது 750-ல் தவழும். ஏர் இந்தியாவின் பசிபிக் பயணத்தில் 15,300-ஐ பதினாலரையால் வகுத்துப் பாருங்கள். சராசரி 1,055 வருகிறது. விமானத்தின் சொந்த வேகத்தைவிட அதிகம். மிச்சம் காற்று கொடுத்தது.

2020 பிப்ரவரியில் கியாரா என்ற புயல் அட்லாண்டிக்கைக் கலக்கிய இரவில், பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்துவிட்டது. தரைவேகம் 1,300 கி.மீ.யைத் தாண்டியது. ஒலியை மிஞ்சிவிட்டதா என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. மிஞ்சவில்லை. தன்னைச் சூழ்ந்த காற்றுக்குள் அது வழக்கமான வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தது, காற்றே ஓடியது. அதே இரவில் எதிர்த்திசையில் வந்த விமானங்களைப் பற்றிச் செய்தித்தாள்கள் அவ்வளவாக எழுதவில்லை.

இங்கே வகுப்பறைகளில் அடிக்கடி எழும் ஒரு கேள்வியையும் தீர்த்துவிடலாம். பூமி கிழக்கு நோக்கிச் சுழல்கிறதே, மேற்கே பறந்தால் ஊர் தானே நம்மை நோக்கி வந்துவிடாதா? வராது. காற்றுமண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது. ஓடுபாதையில் நிற்கும்போதே விமானமும் அந்தச் சுழற்சியில் கலந்துதான் இருக்கிறது. இல்லாவிட்டால் ஹெலிகாப்டரில் ஏறி அரைநாள் அந்தரத்தில் நின்றாலே அமெரிக்கா வந்துவிடும். விசா மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். ஆனால் பூமியின் சுழற்சிக்கு விமான நேரத்தில் பங்கே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அது மறைமுகமாக, காற்றின் வழியாக வேலை செய்கிறது.

வெப்பமண்டலத்தில் காற்று சூடாகி விரிகிறது. துருவப் பக்கம் குளிர்ந்து சுருங்குகிறது. அதனால் ஒரே உயரத்தில் அளந்தால், வெப்பமண்டலப் பக்கம் அழுத்தம் அதிகமாகவும் துருவப் பக்கம் குறைவாகவும் இருக்கும். காற்று துருவத்தை நோக்கி நகரப் பார்க்கும். சுழலும் பூமி அதை நேரே போக விடாமல் வட அரைக்கோளத்தில் வலப்பக்கம் திருப்பிவிடும். விளைவு, மேற்கிலிருந்து கிழக்காக உலகைச் சுற்றி ஓடும் வேகமான காற்றோட்டம். அகலம் சில நூறு கிலோமீட்டர், தடிமன் சில கிலோமீட்டர்தான். வேகம் குளிர்காலத்தில் 300, சில இடங்களில் 400 கி.மீ. வரை போகும். விமானிகள் அதை ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். அது ஓடுகிற உயரமும் பயணிகள் விமானங்கள் பறக்கிற உயரமும் ஏறத்தாழ ஒன்று.

இதை முதலில் முறையாக அளந்தவரின் கதை விசித்திரமானது. வசபுரோ ஓய்ஷி என்ற ஜப்பானிய வானிலையாளர், தோக்கியோவுக்கு வடகிழக்கே தாத்தேனோ என்ற இடத்தில் இருந்த ஆய்வுக்கூடத்தின் தலைவர். 1920-களில் அவர் சிறு பலூன்களைப் பறக்கவிட்டு, கோணமானியால் அவற்றைப் பின்தொடர்ந்து, மேல்வானக் காற்றின் வேகத்தை அளந்துகொண்டிருந்தார். குளிர்காலத்தில் ஒன்பது கிலோமீட்டர் உயரத்தில் நொடிக்கு 70 மீட்டர், அதாவது மணிக்கு 250 கி.மீ. வேகம் வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அளவீடுகள். உலகம் படிக்க வேண்டும் என்று நினைத்து, 1926-ல் அதை எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். எல்லா நாட்டாருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று உருவாக்கப்பட்ட மொழி அது. ஜப்பானுக்கு வெளியே ஏறக்குறைய யாரும் படிக்கவில்லை.

படிக்காததன் விலை 1944 நவம்பரில் தெரிந்தது. மரியானா தீவுகளிலிருந்து தோக்கியோவைக் குண்டுவீசக் கிளம்பிய அமெரிக்க பி-29 விமானங்கள், 30,000 அடி உயரத்தில் எதிர்பாராத காற்றில் மாட்டின. காற்றோடு போனால் இலக்கைக் கண்மூடித் திறப்பதற்குள் தாண்டிவிடுகின்றன. எதிர்த்துப் போனால் பீரங்கிகளுக்கு மேலேயே ஊர்கின்றன. குண்டுகள் எங்கெங்கோ விழுந்தன. ஜப்பானோ இதே காற்றை நம்பி, 1944-45 குளிர்காலத்தில் ஏறத்தாழ 9,000 காகித பலூன்களில் குண்டுகளைக் கட்டி அமெரிக்காவை நோக்கி அனுப்பியது. பசிபிக்கைக் கடந்து போய்ச் சேர்ந்தவை சில நூறு. ஓரிகான் மாநிலத்துக் காட்டில் அவற்றில் ஒன்று வெடித்து ஆறு பேர் இறந்தார்கள். ஐவர் சிறுவர் சிறுமியர். இன்று தோக்கியோவிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் போகிற ஒவ்வொரு விமானமும் அந்தப் பலூன்கள் போன வழியில்தான் காற்றைத் தேடுகிறது.

போகும்போது காற்று உதவினால் வரும்போது தடுக்கும். ஆகமொத்தம் சரியாகிவிடும் என்று தோன்றும். சரியாகாது. 9,000 கி.மீ. தொலைவு, 900 கி.மீ. வேகம் என்று வைத்துக்கொண்டால், காற்றில்லாத நாளில் போய்வர 20 மணி நேரம். 100 கி.மீ. காற்று இருந்தால் போக 9 மணி, வர 11 மணி 15 நிமிடம். மொத்தத்தில் கால்மணி நேரம் நட்டம். எதிர்காற்றில் நாம் கழிக்கிற நேரம் எப்போதும் அதிகம் என்பதால், ஒரே பாதையில் போய்த் திரும்பினால் காற்று கொடுப்பதைவிட எடுப்பதே கூடுதல்.

சிங்கப்பூர்–நியூயார்க் விமானம் தப்பித்துக்கொள்வது இங்கேதான். இரண்டு ஊர்களும் உலகின் எதிர்ப்பக்கங்களில் இருப்பதால், எந்தப் பக்கமாகப் போனாலும் ஏறத்தாழ ஒரே தூரம். அதனால் போகும்போது பசிபிக்கின் மேல் கிழக்கே போகலாம். திரும்பும்போதும் பல நாட்களில் அட்லாண்டிக், ஐரோப்பா, மேற்காசியா என்று கிழக்கேதான் வருகிறார்கள். இரண்டு முறையும் பின்காற்று. அப்படிப் போய்வந்த ஒருவர் தனக்கே தெரியாமல் பூமியை முழுதாக ஒரு சுற்று சுற்றியிருப்பார். கணக்கைத் தோராயமாகப் போட்டுப் பாருங்கள்: துருவ வழியில் 15,350 கி.மீ., காற்று பக்கவாட்டில் அடிப்பதால் உதவியில்லை, 17 மணி நேரம். பசிபிக் வழியில் 16,500 கி.மீ., சராசரி 100 கி.மீ. பின்காற்று, பதினாறரை மணி நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறி இறங்குவது, இறங்க முறைக்காகக் காத்திருப்பது எல்லாவற்றையும் சேர்த்து, அட்டவணையில் பதினெட்டரை மணி நேரத்துக்கு மேல் போடுகிறார்கள்.

எந்த வழி என்று முன்கூட்டியே யாரும் முடிவு கட்டி வைப்பதில்லை. புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு, லண்டன், வாஷிங்டன் என்ற பெயர்களில் இயங்கும் இரண்டு மையங்கள் உலகம் முழுமைக்குமாகத் தயாரிக்கிற மேல்வானக் காற்று முன்னறிவிப்பை வைத்து, நிறுவனத்தின் கணினி அன்றைய பாதையைக் கணக்கிடுகிறது. திங்கட்கிழமை ஜப்பானுக்கு மேலே போன விமானம் செவ்வாய்க்கிழமை வேறு வழியில் போகலாம். பயணச்சீட்டில் இரண்டு நாளும் ஒரே எண்தான் அச்சாகியிருக்கும்.

கடிகாரம் தன் பங்குக்கு ஒரு வித்தை காட்டும். கோடையில் சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் சரியாகப் பன்னிரண்டு மணி நேர வித்தியாசம். 2018-ல் இந்தச் சேவை மீண்டும் தொடங்கியபோது, இரவு 11.35-க்குக் கிளம்பி மறுநாள் காலை 6 மணிக்குச் சேருவதாக அட்டவணை போட்டிருந்தார்கள். படிக்கிறவருக்கு ஆறரை மணி நேரப் பயணம் போலத் தோன்றும். உடம்பு அதை நம்பாது.

நேரத்தைப் பற்றி இவ்வளவு பேசியாயிற்று. ஆனால் இந்தப் பயணத்தில் பொறியாளர்களின் தூக்கத்தைக் கெடுப்பது எடை. நெடுந்தூரத்துக்கு வைக்கோல் பாரம் ஏற்றிப் போகும் வண்டியில், வழி முழுக்க மாடு அந்த வைக்கோலையேதான் தின்ன வேண்டும் என்றால், எவ்வளவு ஏற்றினால் எவ்வளவு போய்ச் சேரும்? தூரம் கூடக் கூட, மாட்டுக்காக ஏற்றிய வைக்கோலைச் சுமக்கவும் வைக்கோல் வேண்டும். இந்த ஓட்டத்துக்கென்றே ஏர்பஸ் செய்த ஏ350-900யுஎல்ஆர் விமானம் புறப்படும்போது 280 டன் வரை இருக்கலாம். அதன் தொட்டிகளில் 1,65,000 லிட்டர் பிடிக்கும். லிட்டருக்கு 800 கிராம் என்று வைத்தால் 130 டன்னுக்கு மேல். தொட்டி நிரம்பினால் புறப்படும் எடையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு எரிபொருள்தான்.

வழியில் 120 டன் எரிகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 280 டன்னாகக் கிளம்பியது 160 டன்னாக இறங்கும். இதிலிருந்து ஒரு கணக்குப் பிடிபடும்: இறங்கும்போது விமானத்தில் ஒரு டன் கூடுதலாக இருக்க வேண்டுமென்றால், புறப்படும்போது ஏறத்தாழ ஒன்றே முக்கால் டன் கூடுதலாக ஏற்ற வேண்டும். பயணிகளோ பெட்டிகளோ அவசரத்துக்கு வைத்திருக்கும் எரிபொருளோ, எல்லாவற்றுக்கும் இதே வரி. எடை குறையக் குறைய எரியும் வீதமும் குறைவதால், இந்த உறவு நேர்க்கோடாக இல்லாமல் மடக்கையில் வரும். பிரெஞ்சு விமானப் பொறியாளர் லூயி பிரெகேயின் பெயரால் வழங்கும் சமன்பாடு அதைத்தான் சொல்கிறது. கிளம்பிய புதிதில் விமானம் அதிக உயரத்துக்கு ஏறவும் முடியாது. முப்பதாயிரம் அடியை ஒட்டி ஆரம்பித்து, எரிபொருள் கரையக் கரையப் படிப்படியாக நாற்பதாயிரம் அடிப் பக்கம் ஏறும்.

வேறு எங்கே எடையைக் குறைப்பது? மனிதர்களில்தான். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் வழக்கமான நெடுந்தூர ஏ350-ல் 253 இருக்கைகள் வைத்திருக்கிறது. யுஎல்ஆரில் 161 மட்டுமே. 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி. சாதாரண வகுப்பே கிடையாது. முன்பக்கச் சரக்கு அறையும் மூடப்பட்டிருக்கிறது. ஆக, பத்தொன்பது மணி நேரம் ஒரே இருக்கையில் உட்கார வைப்பதற்காக, காலை நீட்ட இடம் வேண்டாத ஏழைப் பயணியை முதலிலேயே வடிகட்டிவிட்டார்கள். மனிதாபிமானம் என்று விளம்பரம் சொல்லலாம். பெருமளவு வேலை பார்த்தது பிரெகேயின் சமன்பாடுதான்.

இதே வழித்தடத்தில் முதல் முயற்சி 2004-ல் நடந்தது. அப்போது நான்கு இன்ஜின் கொண்ட ஏ340-500. தொடக்கத்தில் 181 இருக்கைகள். 2008-ல் அதை நூறாகக் குறைத்து முழுக்க பிசினஸ் வகுப்பாக்கினார்கள். எரிபொருள் விலை ஏறிய காலம். நான்கு வாய்களுக்குத் தீனி போட்டுக் கட்டுப்படியாகாமல் 2013 நவம்பரில் சேவை நின்றது. ஐந்து வருடம் கழித்து, இரண்டே இன்ஜின் கொண்ட ஏ350 வந்த பிறகே அது உயிர்பெற்றது. நடுவில் அந்த ஐந்து வருடமும் 15,000 கி.மீ. அப்படியே இருந்தது, அதைக் கட்டுப்படியாகிற செலவில் கடக்கும் இயந்திரம்தான் இல்லை.

இனி அரசியல். மேலே உள்ள வானம் எல்லோருக்கும் பொது என்று நினைப்பது கவிஞர்களுக்குச் சரி. ஒவ்வொரு நாட்டின் வானமும் அந்த நாட்டுக்குச் சொந்தம். கடப்பதற்கு அனுமதி வேண்டும், பெரும்பாலும் கட்டணமும் உண்டு. பாலகோட் தாக்குதலுக்குப் பிறகு 2019 பிப்ரவரி இறுதியிலிருந்து ஜூலை நடு வரை பாகிஸ்தான் தன் வானத்தை மூடியபோது, தில்லியிலிருந்து மேற்கே போன விமானங்கள் தெற்கே இறங்கி அரபிக்கடலைச் சுற்றிப் போயின. 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்கு மீண்டும் கதவு சாத்தப்பட்டது. ஏர் இந்தியாவின் வட அமெரிக்க விமானங்கள் சில, எரிபொருளுக்காக வியன்னாவில் இறங்க நேர்ந்தது. இடைநில்லா விமானத்துக்குச் சீட்டு வாங்கியவர் ஆஸ்திரியாவின் ஓடுபாதையைச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த விஷயத்தில் அதிகம் அடிபட்டது பின்லாந்து. ஹெல்சிங்கி–தோக்கியோ பெருவட்டத் தூரம் 7,800 கி.மீ. சொச்சம்தான், அதில் பெரும்பகுதி ரஷ்யாவின் மேலே. பனிப்போர்க் காலத்தில் அந்த வழி எளிதில் கிடைக்காது. ஐரோப்பிய விமானங்கள் அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு ஜப்பான் போயின. 1983-ல் ஃபின்ஏர், டிசி-10 விமானத்தில் கூடுதல் எரிபொருள் ஏற்றி, வட துருவத்தைச் சுற்றிக்கொண்டு இடைநில்லாமல் தோக்கியோவை எட்டியது. ஏறத்தாழ 13 மணி நேரம். பிறகு சோவியத் ஒன்றியம் கலைந்தது, சைபீரியா திறந்தது, பயணம் ஒன்பதரை மணி நேரமாகச் சுருங்கியது. அந்தக் குறுகிய வழியை நம்பியே ஃபின்ஏர் தன் ஆசிய வணிகத்தைக் கட்டியது. 2022-ல் உக்ரைன் போர் தொடங்கியதும் ரஷ்ய வானம் மூடியது. விமானங்கள் மறுபடி வட துருவத்துக்கே போயின. மறுபடி 13 மணி நேரம். நாற்பது வருடத் தொழில்நுட்பம் இடையில் வந்துபோனது அந்தக் கடிகாரத்தில் தெரியவில்லை. துருவத்தைக் கடந்ததற்காகப் பயணிகளுக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள்.

சான்றிதழ் கொடுப்பதும் புதிதில்லை. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தபோது, ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையிலிருந்த விமானப் பாதை அறுந்தது. அதை ஒட்டவைக்க 1943 முதல் 1945 வரை குவான்டாஸ் நிறுவனம் கேட்டலினா என்ற நீரில் இறங்கும் விமானங்களை, பெர்த் நகரின் ஆற்றிலிருந்து இலங்கையின் காலிக்கு அருகே உள்ள கொக்கல ஏரி வரை ஓட்டியது. ஏறத்தாழ 5,600 கி.மீ., நடுவில் இறங்க ஓர் இடம் கிடையாது. எதிரிக்குத் தெரியாமலிருக்க வானொலி மௌனம். நட்சத்திரங்களைப் பார்த்தே வழி. எரிபொருளுக்கே எடை சரியாகப் போனதால் பயணிகள் மூன்று பேர், தபால் 69 கிலோ, அவ்வளவுதான் கொள்ளும். பயணம் 27 மணி முதல் 33 மணி நேரம் வரை நீளும். வானில் இருந்தபடியே இரண்டு சூரிய உதயங்களைப் பார்த்ததற்காக, இரட்டை உதய ரகசியச் சங்கத்தின் உறுப்பினர் என்று ஒரு காகிதம் தருவார்கள். இன்று ஏ350 பதினெட்டரை மணி நேரத்தில் இதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு தூரம் போகிறது. ஆனால் ஒரே மூச்சில் வானில் இருந்த நேரத்தை எடுத்துக்கொண்டால், எந்த நவீன பயணிகள் சேவையும் அந்தக் கேட்டலினாக்களை இன்னும் தொடவில்லை.

அந்தப் பெயரை எடுத்தே குவான்டாஸ் தன் அடுத்த திட்டத்துக்கும் சன்ரைஸ் என்று சூட்டியிருக்கிறது. சிட்னியிலிருந்து லண்டன், 17,000 கி.மீ., இடையில் எங்கும் நிற்காமல். 2019-ல் வெள்ளோட்டமாக, ஐம்பது பேர் அளவில் ஏற்றிக்கொண்டு லண்டனிலிருந்து சிட்னிக்குப் பறந்து பார்த்தார்கள். 19 மணி 19 நிமிடம். அது கிழக்கு நோக்கிய பயணம். மேற்கே வரும்போது காற்றை எதிர்க்க வேண்டும். 22 மணி நேரம் வரை ஆகலாம் என்று கணக்கு. 2022-ல் பன்னிரண்டு ஏ350-1000 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். 20,000 லிட்டர் கூடுதல் தொட்டி, 238 இருக்கைகள், நடுவில் எழுந்து நின்று உடம்பை நெட்டிமுறிக்க ஓர் இடம். இத்தனைக்கும் பிறகு, வழியில் ஓரிடத்தில் இறங்கிப் போகிறவரைவிட மிச்சமாவது நான்கு மணி நேரம் வரை. என்னைக் கேட்டால் அந்த நான்கு மணி நேரத்தை அவர்களுக்கே விட்டுக்கொடுத்துவிட்டு, சாங்கியில் இறங்கி, காலை வீசி நடந்து, சூடாக ஏதாவது சாப்பிட்டுவிட்டு அடுத்த விமானத்தைப் பிடிப்பேன்.